சிவனொளிபாதமலை ஏறுவது எப்படி: சூரியோதயமும் மலை நிழலும் தவறாமல் பார்க்க முழுமையான வழிகாட்டி

இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு முதல் தடவை வருகிறவர்களில் கால் வலிமை போதாமல் பாதியில் திரும்புகிறவர்கள் குறைவு. இரவு ஒன்பது, பத்து மணிக்கே உற்சாகமாக ஏறத் தொடங்கி, ஒன்றரை மணிக்கு உச்சியை அடைந்து, வியர்த்து நனைந்த சட்டையோடு காற்றில் நடுங்கி, விடியும் முன்பே இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்னும் சிலர் சூரியோதயத்தைப் பார்த்துவிட்டு, அதே நேரத்தில் தங்கள் முதுகுக்குப் பின்னால் விழுகிற மலையின் முக்கோண நிழலைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அந்த நிழல்தான் இந்த மலை ஏறுவதற்கான பாதிக் காரணம்.

ஆகவே இந்த வழிகாட்டியின் அடிப்படை ஒன்றுதான்: சூரியோதயத்துக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் உச்சியில் இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அந்த நேரத்தில் இருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

## 1. முதலில் நாளைத் தெரிவு செய்யுங்கள்

மலைப் பருவம் டிசம்பர் மாதப் போயா (பௌர்ணமி) நாளில் தொடங்கி, மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. இந்த மாதங்களில்தான் பாதை நெடுகிலும் மின்விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், உச்சியில் பூசைகள் நடக்கும். வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகமான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. டிசம்பரில் இடையிடையே மழை இருக்கும். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை பெய்தாலும், அதிகாலை பல நாட்களில் நன்றாகவே இருக்கும்.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். போயா நாள், அதற்கு முந்திய இரவு, வெள்ளி மற்றும் சனி இரவுகள், நீண்ட விடுமுறைகள் ஆகியவற்றைத் தவிருங்கள். அந்த இரவுகளில் மேல் படிகளில் கூட்டம் அடைத்துக்கொள்ளும். ஒரு படி ஏறினால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டிவரும். மூன்றரை மணி நேர ஏற்றம் எட்டு மணி நேரமாகி, பாதி மலையில் நின்றபடியே பலருக்கு விடிந்துவிடும். பக்திக்காக அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து ஏற விரும்புகிறவர்கள் தாராளமாக அந்த நாளில் வரலாம். சூரியோதயம்தான் நோக்கம் என்றால் செவ்வாய், புதன், வியாழன் அதிகாலைகளில் ஒன்றைப் பிடியுங்கள். முடிந்தால் மலையடிவார ஊரான நல்லதண்ணியில் இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டமிடுங்கள். முதல் இரவு மழை பெய்தால் அடுத்த இரவு கையில் இருக்கும்.

## 2. எந்தப் பக்கமாக ஏறுவது?

மூன்று பாதைகள் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன.

ஹட்டன் – மஸ்கெலியா – நல்லதண்ணி பாதை குறுகியது. அடிவாரமே ஏறக்குறைய 1200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 2243 மீற்றர். நீங்கள் ஏறுவது சுமார் 1000 மீற்றர். படிகள் ஐயாயிரத்துக்கு மேல்.

இரத்தினபுரி – பலாபத்தல பாதை மிகத் தாழ்வான இடத்தில் தொடங்குவதால் ஏற்றமும் தூரமும் ஏறத்தாழ இரு மடங்கு. குருவிட்ட – எரத்ன பாதை காட்டுக்குள் போகிறது. அழகான வழி, ஆனால் நீளமானது, அட்டை அதிகம்.

முதல் தடவை என்றால் யோசிக்கவே வேண்டாம், நல்லதண்ணிதான். நன்றாக நடக்கிற பழக்கம் உள்ளவர்கள் நல்லதண்ணியால் ஏறி இரத்தினபுரிப் பக்கம் இறங்குவதும் உண்டு. அப்படிச் செய்வதானால் முழுப் பையையும் தோளில் சுமக்க வேண்டும், முழங்கால் இரண்டு மடங்கு இறக்கத்தைத் தாங்க வேண்டும். அதை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. நல்லதண்ணிக்கு வந்து சேருங்கள், பகலிலேயே

கொழும்பில் இருந்தோ கண்டியில் இருந்தோ முதலில் ஹட்டனுக்கு வர வேண்டும். கொழும்பு – பதுளை ரயில் ஹட்டனில் நிற்கும். யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கத்தில் இருந்து ரயிலில் வருகிறவர்கள் பொல்காவலையில் மாறலாம். பஸ்ஸில் என்றால் கொழும்பில் இருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டன். மழைக்காலத்தில் மலைநாட்டு ரயில் பாதையில் மண் சரிந்தால் சேவை நின்றுவிடும். புறப்படுவதற்கு முந்திய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனில் இருந்து நல்லதண்ணி முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஆனால் வளைந்து வளைந்து போகும் பாதை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். பருவத்தில் ஹட்டனில் இருந்தே நேரடி பஸ் உண்டு. மற்றக் காலத்தில் மஸ்கெலியாவில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். வளைவுப் பாதையில் தலைசுற்றுகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். வாந்தி எடுத்துக் களைத்து வந்தவர்கள் அன்றிரவே மலை ஏறுவது சிரமம்.

இரவு ரயிலில் ஹட்டனுக்கு வந்து, நேராகப் போய் அப்படியே மலை ஏறுவது பலருடைய திட்டம். பணம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் தூங்காமல் ஏறுகிறவர்கள் இறங்கும்போது தடுக்கி விழுகிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் நல்லதண்ணிக்கு வந்து, சிறிய அறை ஒன்று எடுத்து, ஆறரை மணிக்குச் சாப்பிட்டு, ஏழு மணிக்குப் படுத்துவிடுங்கள். பகலில் வருவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் மலை முழுவதும் தெரியும். இரவில் எதை ஏறப்போகிறோம் என்று கண் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளும்.

மொழிக் கவலை வேண்டாம். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர்கள். கடை, பஸ், அறை எல்லாவற்றுக்கும் தமிழிலேயே கதைக்கலாம். அறைக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: நேற்றுக் காலை உச்சியில் மேகமா, தெளிவா? நேற்றிரவு கூட்டம் எப்படி? அன்றன்று இறங்கி வருகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருப்பார்கள்.

## 4. பையில் என்ன இருக்க வேண்டும்

பெரிய பையை அறையிலேயே விட்டுவிடுங்கள். சிறிய முதுகுப்பை போதும். அதற்குள்:

- மாற்றுச் சட்டை, பனியன். இதுதான் மிக முக்கியம். தண்ணீர் புகாத பைக்குள் சுற்றி வையுங்கள். காரணம் ஏழாவது பகுதியில்.
- காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் காதை மூடும் தொப்பியும். உச்சியில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும். காற்று அடித்தால் இன்னும் குளிராகத் தெரியும். பாதி வழி வரை இவை பையிலேயே இருக்கட்டும்.
- கனமான காலுறை, கூடுதலாக ஒரு சோடி. உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். நனைந்த காலுறையோடு குளிர்ந்த தரையில் ஒரு மணி நேரம் நிற்க முடியாது.
- டோர்ச். விளக்கு எரிந்தாலும் மின்வெட்டு வரும். தலையில் மாட்டுவது என்றால் கை இரண்டும் கம்பியைப் பிடிக்கக் கிடைக்கும்.
- ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு பைக்கற்று ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), கொஞ்சம் கடலை அல்லது பேரீச்சம்பழம். வழியில் கடை உண்டு. மேலே போகப் போக எல்லாம் தோளில் சுமந்து ஏற்றிய பொருட்கள், ஆகவே விலையும் ஏறும். அது நியாயமான விலைதான்.
- சில்லறைக் காசு. தேநீருக்கும் கழிப்பறைக்கும்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, முழங்கால் மடங்கும் ஒவ்வொரு படிக்கும் இழுத்துப் பிடிக்கும். ரப்பர் செருப்போடு ஏறுகிற உள்ளூர் அம்மாமாரைப் பார்த்துவிட்டு நாமும் அப்படியே ஏறலாம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் வருடம் முழுவதும் தேயிலைச் சரிவில் நடப்பவர்கள். பழகிய, அடிப்பிடிப்பு உள்ள சப்பாத்தைப் போடுங்கள். புதிதாக வாங்கியதை மலையில் முதன்முதலாகப் போட்டால் வழியில் உள்ள சீதகங்குலை ஓடையைத் தாண்டும் முன்பே குதிகால் கொப்பளித்துவிடும்.

இந்த மலைக்காடு உலக மரபுரிமைப் பட்டியலில் 2010இல் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. கொண்டுபோகிற ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். பருவம் முடியும்போது சரிவுகளில் இருந்து குப்பை பொறுக்குகிறவர்களைப் பார்த்தவர்கள் ஒரு இனிப்புத் தாளைக்கூடக் கீழே போட மாட்டார்கள்.

## 5. புறப்படும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

நுழைவுக் கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் ஏறலாம். அதனால்தான் நேரத் தவறும் அதிகம் நடக்கிறது.

பருவ மாதங்களில் சூரியோதயம் பெரும்பாலும் 6 மணிக்கும் 6.30க்கும் இடையில். அன்றைய நேரத்தைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு வெளுக்கத் தொடங்குவது அதற்கு முக்கால் மணி முன்னால். ஆகவே 5.30க்கு உச்சியில் கால் வைப்பதுதான் இலக்கு.

இனி பின்னோக்கி வாருங்கள். தினமும் நடக்கிற பழக்கம் உள்ளவருக்கு ஓய்வையும் சேர்த்து மூன்று மணி நேரம். சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு மூன்றரை முதல் நான்கு. பெரியவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஐந்து. அதாவது பெரும்பாலானவர்கள் நல்லதண்ணியில் அதிகாலை 1.30க்கும் 2 மணிக்கும் இடையில் புறப்பட்டால் போதும். வார இறுதியில்தான் வர முடியும் என்றால் இரவு பத்து மணிக்கே புறப்படுங்கள். அங்கே கணக்கு உங்கள் கால்களின் வேகம் இல்லை, கூட்டத்தின் வேகம்.

குழுவாக வந்தால் மிக மெதுவாக நடக்கிறவரின் நேரத்தை எடுத்துக் கணக்கிடுங்கள். வேகமானவர்களை முன்னால் விட்டால் அவர்கள் உச்சியில் நடுங்கிக்கொண்டு காத்திருப்பார்கள், பின்னால் வருகிறவர் தனியாகச் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

## 6. சீதகங்குலை வரை: வேகத்தை அடக்குங்கள்

முதல் பகுதி ஏமாற்றும். கடைகளுக்கு நடுவே, தேயிலைச் செடிகளுக்கு அருகே, பெரும்பாலும் சமமான பாதை, இடையிடையே சில படிகள். மகர தோரண வளைவையும் ஜப்பானியர் கட்டிய வெள்ளைச் சமாதான தூபியையும் தாண்டிப் போவீர்கள். புதியவர்கள் இங்கேதான் ஓட்டமும் நடையுமாகப் போய்த் தங்கள் பலத்தைச் செலவழிக்கிறார்கள். பக்கத்தில் நடப்பவரோடு மூச்சு வாங்காமல் கதைக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

ஜாக்கெட்டை இங்கே போடாதீர்கள். அறைவாசலில் குளிராக இருக்கும், பத்து நிமிடம் நடந்தால் வியர்க்கும். ஒரு சட்டையோடு சற்றுக் குளிரக் குளிரவே தொடங்குங்கள்.

சீதகங்குலை என்பது குளிர்ந்த நீரோடை. யாத்திரிகர்கள் இங்கே முகம் கைகால் கழுவி, சிலர் குளித்து, சுத்தமாகி மேலே போவார்கள். இங்கே கடிகாரத்தைப் பாருங்கள். நிதானமாக நடந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இந்த இடத்துக்கு வந்துவிடலாம். அதைவிட அதிகம் எடுத்தால் மீதி ஏற்றத்துக்கும் அதே அளவு கூட்டிக்கொள்ளுங்கள், ஓய்வுகளைக் குறையுங்கள். அரை மணியில் வந்துவிட்டால் அடுத்த கடையில் உட்கார்ந்து இஞ்சி போட்ட பிளேன்டீ குடியுங்கள்.

## 7. செங்குத்துப் படிகள்: கடைசிக் கடையில் காத்திருங்கள்

ஓடையைத் தாண்டியதும் படிகள் நிமிர்ந்துவிடும். உயரம் ஒழுங்கில்லாத படிகள். ஒன்று நான்கு விரல்கடை, அடுத்தது முழங்கால் உயரம். முழங்கால் உயரப் படி வரும்போதெல்லாம் ஒரே காலை முன்வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு தொடை மட்டும் முதலில் செத்துவிடும்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் நின்றபடி ஓய்வெடுங்கள். உட்கார்ந்து பத்து நிமிடம் ஓய்வெடுத்தால் உடம்பு குளிர்ந்து, எழும்போது கால் மரத்திருக்கும். அண்ணாந்து பார்த்தால் விளக்கு வரிசை வானத்துக்குள் ஏறிப்போவது போலத் தெரியும். பலர் மனம் தளர்வது அந்தக் காட்சியைப் பார்த்துத்தான். அடுத்த விளக்குக் கம்பம் வரை மட்டும் பாருங்கள்.

வழியில் ஓரிடத்தில் பற்றைகளின் மேல் வெள்ளை நூல் வலை போலச் சிக்கிக் கிடக்கும். யாத்திரிகர்கள் ஊசியில் நூல் கோத்து விட்டுச் செல்கிற இடம் அது. நூலைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி இருக்கும்.

கடைசிப் பகுதியில் இரும்புக் கைப்பிடிகள் வரும். அதற்கு முன்னால் உள்ள கடைசிச் சில கடைகள்தான் இந்தப் பயணத்தில் மிகப் பயனுள்ள இடம். நேரம் 4.45 ஆகவில்லை என்றால் இங்கே நில்லுங்கள். அடுப்படிக்குப் பக்கத்து வாங்கில் இடம் பிடியுங்கள். நனைந்த சட்டையைக் கழற்றி, துடைத்து, காய்ந்த சட்டை, அதன் மேல் ஜாக்கெட், தொப்பி. சுடச்சுட ஒரு பிளேன்டீ, ஒரு ரொட்டி. உச்சியில் இப்படி உடை மாற்ற இடம் இல்லை, காற்றில் இருந்து ஒதுங்க மூலையும் இல்லை. ஈரத்துணியோடு மேலே போனால் எத்தனை ஜாக்கெட் போட்டாலும் குளிர் உள்ளுக்குள் இருந்து வரும். 5 மணிக்கு எழுந்து கடைசிப் படிகளை ஏறுங்கள். கைப்பிடிக் கம்பி பனிக்கட்டியாகக் குளிரும், சட்டைக் கையை இழுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டு பிடியுங்கள்.

## 8. உச்சியில்: கிழக்கைப் பாருங்கள், பிறகு உடனே மேற்குக்குப் போங்கள்

சப்பாத்தைக் கழற்றிக் கட்டிப் பையில் வையுங்கள். வாசலில் விட்டால் கூட்டத்தில் தேட வேண்டிவரும். முதலில் பாதத்தை வணங்குங்கள். பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், இஸ்லாமியருக்கு ஆதமின் பாதம். சன்னதிக்குள் கமராவை எடுக்காதீர்கள். மணியை எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். முதல் தடவை என்றால் ஒரே அடி.

பிறகு மேற்குப் பக்கச் சுவர் எங்கே இருக்கிறது, அங்கே எந்த வழியாகப் போக வேண்டும் என்று இருட்டிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, கிழக்குப் பக்கம் வந்து நில்லுங்கள். பின்னால் இந்தச் சில நிமிடங்கள்தான் உதவும்.

சூரிய வட்டம் முழுவதும் மேலே வந்ததும் கூட்டம் படம் எடுத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் அப்போது திரும்பி மேற்குப் பக்கம் போங்கள். கீழே பரந்த புகார் (மூடுபனி) மேல் கருநீல முக்கோணம் ஒன்று, விளிம்பு வெட்டியது போல நேராக, அடிவானம் வரை நீண்டு கிடக்கும். முதலில் அது தூரத்தில் நிற்கும் இன்னொரு மலை என்றே தோன்றும். நிழல் தரையில் மட்டும் விழவில்லை, இடையில் உள்ள ஈரக் காற்றின் மேலும் விழுகிறது. அதனால்தான் தட்டையாக இல்லாமல் எழுந்து நிற்கிறது. அதன் நுனி கூராகத் தெரிவதற்கு மலையின் வடிவம் மட்டும் காரணம் இல்லை. நீண்டு போகும் நிழலின் இரு விளிம்புகளும் தூரத்தில் ஒன்றுசேர்வதாகக் கண்ணுக்குப் படுகிறது.

சூரியன் ஏற ஏற முக்கோணம் குறுகி மலையடியை நோக்கி வரும். இருபது நிமிடத்துக்குள் மங்கிப்போகும். கிழக்கு அடிவானத்தில் மேகம் இருந்தால் நிழலே விழாது. மேற்கில் புகார் கொஞ்சம் இருப்பது நல்லது. முற்றிலும் மேகம் மூடிய நாளிலும் அவசரப்பட்டு இறங்காதீர்கள். ஏழு மணி வரை நின்றால் மேகம் விலகி, தேயிலைச் சரிவுகளும் நீர்த்தேக்கமும் தெரிய வாய்ப்பு உண்டு.

## 9. இறக்கம்: காயம் படுவது இங்கேதான்

7.30க்குள் இறங்கத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு வெயில் நேராகப் படும், மேல் படிகளில் நிழல் குறைவு. ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், சப்பாத்து நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். நாடா தளர்ந்திருந்தால் கால் முன்னால் சறுக்கி, பெருவிரல் நகம் கறுத்துப்போகும்.

உயரமான படியில் குதிக்காதீர்கள். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முன்கால் விரல்களை முதலில் ஊன்றி இறங்கினால் முழங்காலுக்கு அடி குறையும். ஊன்றுகோல் உண்மையில் உதவுவது ஏறும்போது இல்லை, இப்போதுதான். கால் தானாக நடுங்கத் தொடங்கினால் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ஜீவனி கரைத்துக் குடியுங்கள். இரண்டு மணி முதல் மூன்று மணி நேரத்தில் நல்லதண்ணி வந்துவிடும்.

இதயநோய், ஆஸ்துமா, மோசமான முழங்கால் வலி உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் ஏற வேண்டாம். நடுவழியில் முடியாமல் போனால் வாகனம் வர வழியே இல்லை, ஆட்கள் தூக்கித்தான் இறக்க வேண்டும். பிள்ளைகள் ஏழெட்டு வயது என்றால் பொதுவாக நன்றாகவே ஏறிவிடுவார்கள். திரும்பி வரும்போது தூக்கம் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

## 10. பருவம் இல்லாத மாதங்களில் வருவதானால்

ஜூன் முதல் நவம்பர் வரை விளக்கு இல்லை, பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழையில் படிகள் ஓடையாக மாறும், காற்று ஆளைத் தள்ளும். வர வேண்டியிருந்தால் தனியாக ஏறாதீர்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் ஏறி இறங்குங்கள். தண்ணீரும் சாப்பாடும் முழுவதும் நீங்களே கொண்டுபோக வேண்டும். அட்டைக்குக் காலுறையில் சவர்க்காரம் தடவிக்கொள்ளலாம்.

## 11. இறங்கிய பிறகு

நேராக பஸ்ஸில் ஏறி உட்காராதீர்கள். ஹட்டன் போய்ச் சேருவதற்குள் முழங்கால் இறுகி, இறங்க முடியாமல் போகும். வெந்நீரில் குளித்து, சித்தாலேப வலித் தைலம் தடவி, பதினைந்து நிமிடம் சமதரையில் நடந்து, சோறு சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். பிற்பகல் பஸ் பிடித்தால் போதும்.

வலி உச்சத்துக்கு வருவது அன்றைக்கு இல்லை, அடுத்த இரண்டு நாட்களில். படி இறங்கும்போது தொடை பிடித்துக்கொள்ளும். ஆகவே மறுநாள் ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற மலைவிளிம்பு வரை போய்வரும் ஒன்பது கிலோமீற்றர் நடையையோ, சிகிரியாவையோ வைக்காதீர்கள். நுவரெலியாவிலோ கண்டியிலோ ஒரு நாள், இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் அங்கே போகலாம்.